நீலக் கோட்டுப் பையில் ஃபியூஸ்கள்

நேற்றுக் காலை எங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தல் செத்துப்போனது. விளக்கு எரியவில்லை, சத்தமில்லை, ஒன்றுமில்லை. மேசையில் பசியாறிக்கொண்டிருந்த மகன் ரொட்டியை மென்றபடியே, “புதுசு வாங்கிடலாம்-லா மா,” என்றான். அவன் தலைமுறைக்கு எதுவானாலும் புதுசு வாங்கிவிடலாம். நான் இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்து, ப்ளக்கின் அடியில் நெம்பி, உள்ளே இருக்கும் ஃபியூஸை வெளியே தள்ளினேன். நிலக்கடலையைவிடச் சற்று நீளமான வெள்ளைப் பீங்கான் துண்டு, இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி. அது உள்ளங்கைக்கு வந்ததும் என் கை தானாக இடப்பக்க மார்புக்குப் போனது, பையில் போட. நான் உடுத்தியிருந்தது வீட்டுக் கஃப்தான். அதில் பை ஏது? ஃபியூஸ் வயிற்றில் பட்டுத் தரையில் விழுந்து, ஐஸ்பெட்டிக்கு அடியில் ஓடி ஒளிந்தது. மகன் சிரித்தான்.

அவன் சிரித்தால் இப்போதெல்லாம் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன். போன மாதம் கொசு கடித்து வந்த டிங்கிக் காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்தான். கல்லூரிக்குப் போகிற பிள்ளை, என்னைவிட ஒரு தலை உயரம்; அந்தக் கட்டிலில் சின்னப் பையனாகச் சுருங்கிக் கிடந்தான். பிழைத்து வந்துவிட்டான். ஆனால் அங்கே நான் நடந்துகொண்ட விதம் மட்டும் வீட்டில் இன்னும் ஆறவில்லை. ஒரு பிற்பகல், வார்டில் அத்தனை பேர் முன்னால், அவன் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்து நீரை நான் என் கையாலேயே அடைத்து நிறுத்தினேன். தாதி சத்தம் போட்டார். நான் விடவில்லை.

அந்தத் தாதிக்கு ஒரு கேக் வாங்கிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா என்கிறார் கணவர். அக்கரையில் கெப்பாலா பத்தாஸிலிருந்து அக்காவும் போன் போட்டு அதையே சொல்கிறாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், எங்கள் குடும்பத்தில் செய்தி பினாங்குப் பாலத்துக் கார்களைவிட வேகமாகக் கரை தாண்டும். கேக் வாங்க மகனுக்கும் சம்மதம்தான். ஒரு துண்டு தனக்கு வேண்டுமாம். நான் போகப்போவதில்லை. ஏன் என்று உங்களிடம் சொல்கிறேன். நீங்களாவது பாதியில் குறுக்கிட மாட்டீர்கள்.

அந்த மருத்துவமனை எனக்குப் புதிதல்ல. பெயர் வேண்டாம். ஜார்ஜ் டவுனில், பெரிய மரங்கள் குடைபிடிக்கும் ஒரு சாலையில் இருக்கிறது என்பதோடு விட்டுவிடுகிறேன். பாலிடெக்னிக் முடித்த கையோடு நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடம் அது. டாக்டராக அல்ல, தாதியாகவும் அல்ல. மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பவளாக. என்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் ‘ஆஸ்பத்திரியில் வேலை’ என்றதும் முகம் மலர்வார்கள். ‘என்ன வேலை?’ என்பது அடுத்த கேள்வி. அப்பா பதில் சொல்லத் தொடங்கும்போதே அம்மா அவசரமாகப் பலகாரத் தட்டை நீட்டிவிடுவார்.

மகனை வார்டில் சேர்த்த அன்று, ரத்தம் எடுக்கும் முன் தாதி ஸ்பிரிட் பஞ்சால் அவன் முழங்கையைத் துடைத்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும், பயந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும், நினைவில் என் கால்கள் தரைத்தளத்துக்குக் கீழே இறங்கிவிட்டன. எங்கள் பட்டறை அங்கேதான் இருந்தது, சலவைக்கூடத்துக்கு அடுத்த கதவு. ஒரு பக்கச் சுவரிலிருந்து கஞ்சியும் நீராவியும், எங்கள் பக்கத்திலிருந்து ஈயம் உருகும் புகையும் ஸ்பிரிட்டும். இந்த இரண்டும் கலந்த காற்றைத்தான் நான் என் இருபதுகள் முழுக்கச் சுவாசித்தேன். ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

என்னோடு அங்கே இருந்தவர் காதர் அண்ணன். சூலியா தெருவில் பணம் மாற்றும் கடை வைத்திருந்த குடும்பம். ‘நோட்டை எண்ணி எண்ணி அலுத்துப்போச்சு’ என்று இந்த வேலைக்கு வந்தவர். இஸ்திரி போட்ட சட்டை, அத்தர் வாசம், ஓயாத வாய். அறுவைக்கூடத்து விளக்கைக் கழற்றும்போதும் பேசுவார், தலைகீழாகத் தொங்கும்போதும் பேசுவார். நான் அந்தப் பட்டறையில் ஒரே பெண். என்னை முதல் நாளே ‘தங்கச்சி’ ஆக்கிவிட்டார். அதன் பிறகு டீ வாங்கிவர வேண்டியது தங்கச்சியின் முறை என்றும் அறிவித்துவிட்டார். மறுநாள் நான் தே தாரெக்கில் சீனிக்குப் பதில் உப்பு போடச் சொல்லி வாங்கிக்கொண்டு போனேன். அதோடு அந்த முறை மாறிவிட்டது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது ஒரு கருவிமேல் சந்தேகம் வந்தால் ‘ரோசாக்’ என்று எழுதிய சிவப்பு அட்டையைக் கட்டுவோம். பழுது என்று பொருள். ஆனால் அட்டை எத்தனை நேரம் இருக்கும்? வார்டு நிரம்பிவிட்டால் யாராவது அதை அவிழ்த்து மேசைக்கு அடியில் போட்டுவிட்டு, கருவியை நோயாளியிடம் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கட்டிலில் ஆள் கிடக்கும்போது அட்டை யார் கண்ணுக்குத் தெரியும்? அதனால் நாங்கள் அட்டையை நம்புவதில்லை. ப்ளக்கைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வோம். நீலக் கோட்டு, இடப்பக்கப் பை. சந்தேகப்பட்டவர் பையில் ஃபியூஸ் இருக்கும். அவரே பார்த்து, அவரே திருப்திப்பட்டு, அவர் கையாலேயே திரும்பப் போட வேண்டும். இன்னொருவர் புது ஃபியூஸ் போட்டு ஓட்டுவது எங்களுக்குள் பெரிய அவமரியாதை, பிறர் தட்டில் கை வைத்தமாதிரி. நான் எதையும் எளிதில் நம்பாதவள் என்பதால் என் பை எப்போதும் குலுங்கும். “தங்கச்சிக்கு மட்டும் கொலுசு சட்டைப்பையில,” என்பார் காதர் அண்ணன்.

இப்போது பம்ப்புக்கு வருகிறேன். நோயாளிக்கு உப்பு நீரோ மருந்தோ மெதுவாக, அளந்து ஏற்றும் சிறு பெட்டி அது. மேலே ஒரு பை தொங்கும், அதிலிருந்து மெல்லிய குழாய் இறங்கும். அந்தக் குழாயைப் பெட்டியின் கதவுக்குள் வைத்துச் சாத்தினால், உள்ளே விரல்கள் போன்ற பற்கள் குழாயை நீவிவிட்டு நீரைத் தள்ளும். மணிக்கு எவ்வளவு என்று நாம் எண்ணைத் தட்டினால் போதும். மீதியை அது பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்வதாகச் சொல்லும்.

குழந்தைகள் வார்டில் ஜெகதா என்று ஒரு தாதி இருந்தார். நிபோங் திபால்காரர். ஒல்லி உடம்பு, உரத்த குரல், வெள்ளைச் சீருடையின் மார்பில் தலைகீழாகக் குத்திய கடிகாரம். ஒரு நாள் பம்ப் ஒன்றை இடுப்பில் குழந்தையைப்போல இடுக்கிக்கொண்டு படியிறங்கி வந்து எங்கள் மேசையில் வைத்தார்.

“உங்க மிஷின் பொய் சொல்லுது.”

காதர் அண்ணன் மரியாதையாக வாங்கிக்கொண்டார். எங்களிடம் இருந்த குழாயை மாட்டி, அளவுக்குவளையில் நீரைப் பிடித்துப் பார்த்தோம். எண் சொன்னபடியே நீர். சோதித்தாயிற்று என்பதற்கான பச்சை ஒட்டுத்தாளை ஒட்டி மேலே அனுப்பினோம். இரண்டு நாளில் திரும்பி வந்தது. மறுபடி பார்த்தோம், மறுபடியும் சரி. அடுத்து வேறொரு பம்ப், அதே புகார். “பம்ப்பு பாலிக் கம்போங் வந்திருச்சு, பெருநாளுக்கு ஊருக்கு வர்ற மாதிரி,” என்று காதர் அண்ணன் வரவேற்பார். ஜெகதா முறைப்பார். வார்டில் பிள்ளைகளுக்குப் பை சீக்கிரம் காலியாகிறது, ஒரு குழந்தைக்குக் கண் இமை வீங்கிவிட்டது, நீங்கள் இங்கே உட்கார்ந்து ஜோக் அடிக்கிறீர்கள் என்பார். நாங்கள் குவளையைக் காட்டுவோம். குவளை பொய் சொல்லுமா?

குவளை பொய் சொல்லவில்லைதான்.

அந்த நேரத்தில்தான் காதர் அண்ணனின் மோட்டார் சைக்கிள் பெட்ரோல் இல்லாமல் நின்றது. பக்கத்துச் சலவைக்கூடத்து நண்பரின் வண்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுக்க அவருக்கு ஒரு குழாய் தேவைப்பட்டது. பட்டறைச் சுவரில் ஆணியில் எங்கள் சோதனைக் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. பல காலமாக எல்லாப் பம்ப்புகளையும் அந்த ஒரே குழாயை வைத்துத்தான் பார்ப்போம். அதை எடுத்துக்கொண்டு போனார். திரும்பக் கொண்டுவந்தபோது அது வளைந்து, பழுத்து, பெட்ரோல் வாடை அடித்தது. இனி அதை எதற்கும் பயன்படுத்த முடியாது.

மறுநாள் மறுபடியும் ஒரு பம்ப் ஊருக்கு வந்தது. சோதிக்கக் குழாய் இல்லை. நான் மேலே போய் ஜெகதாவிடம் வார்டில் பயன்படுத்தும் புதுக்குழாய் ஒன்று கேட்டு வாங்கி வந்தேன். உறை அதே நீலம், அதே நீளம். கதவுக்குள் சொகுசாக உட்கார்ந்தது. பம்ப்பை ஓட்டினேன். நேரம் முடியுமுன் குவளை நிரம்பி மேசையில் வழிந்தது.

நானும் காதர் அண்ணனும் வழிகிற தண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் குழாயின் உறையை எடுத்துப் பெயரைப் படித்தார். ஸ்டோரில் மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு கம்பெனிக் குழாய் வாங்கியிருக்கிறார்கள். உள்விட்டம் ஒரு மயிரிழை கூடுதல். ஒவ்வொரு நீவலிலும் ஒரு துளி அதிகம். திரை என்னவோ கட்டளையிட்ட எண்ணையேதான் காட்டும். வார்டில் பொய் சொன்ன பம்ப், நாங்கள் எங்கள் நல்ல குழாயை மாட்டியதும் சத்தியம் பேசியிருக்கிறது. ஜெகதா சொன்னது முதல் நாளிலிருந்தே உண்மை.

நான் நிர்வாகியிடம் போனேன். நல்ல மனிதர்தான், கோபப்பட மாட்டார், அதுதான் தொல்லை. புன்னகையோடு கேட்டுக்கொண்டார். எல்லாப் பம்ப்புக்கும் பொருந்தும் என்று விற்றவர் எழுத்தில் கொடுத்திருக்கிறார், ஸ்டோரில் பெட்டி பெட்டியாக இருக்கிறது, இது தீர்ந்ததும் பழைய குழாயையே வாங்கிக்கொள்ளலாம் என்று ஆங்கிலத்தில் இனிமையாகச் சொன்னார். தீர்ந்ததும்! அதற்குள் எத்தனை பிள்ளைகளின் நரம்பில் அது ஏறும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதே புன்னகைதான் வந்திருக்கும்.

படியேறி வார்டுக்குப் போனேன். ஜெகதாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஃபியூஸ்களைப் பிடுங்கிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். பம்ப் நின்றால் கஷ்டம் அவருக்குத்தான். ஒவ்வொரு கட்டிலாக நின்று, கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, சொட்டுகளை எண்ணி, குழாயைக் கையால் திருகி அளவு வைக்க வேண்டும். பெட்டிகள் வருவதற்கு முன்னால் அப்படித்தான் செய்தார்கள் என்றாலும், பழகிய வசதியை விட்டுக்கொடுப்பது லேசா? ஜெகதா மற்ற தாதிகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மார்பிலிருந்த கடிகாரத்தை நிமிர்த்தி ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

“புடுங்கு. நாங்க எண்ணிக்கிறோம்.”

கட்டில் கட்டிலாக அவர்கள் சொட்டை எண்ணி அளவு வைக்க வைக்க, நான் பின்னாலேயே போய் ஒவ்வொரு பம்ப்பையும் நிறுத்தி ஃபியூஸைக் கழற்றினேன். அந்தக் காலத்துப் பம்ப்புகளுக்குள் பேட்டரி என்று ஒன்று இருந்ததே தவிர, அதற்கு உயிர் போய் வெகுநாள். ஃபியூஸ் போனால் பெட்டி வெறும் பெட்டி. வார்டைவிட்டு வெளியே வரும்போது என் பை கனத்துத் தொங்கியது. நடந்தால் கல்யாண வீட்டுச் சத்தம்.

அன்று பிற்பகலே நிர்வாகி கீழே வந்தார். அதுவரை அவர் பட்டறைக்கு வந்ததே இல்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் சக்கர நாற்காலி ஒன்றின் பக்கத்தில் நின்றார். ஃபியூஸ்கள் எங்கே என்று கேட்டார். பையில் இருக்கிறது என்றேன். கொடுத்துவிடும்படி சொன்னார். சரியான குழாய் வந்த நிமிடம் கொடுத்துவிடுகிறேன் என்றேன். கோட்டுப் பையைக் கையால் பொத்திக்கொண்டிருந்தேன், பேருந்தில் பணப்பையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி. அப்போது காதர் அண்ணன் தன் மேசையைவிட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். இவளுடைய ஃபியூஸில் கை வைக்க எங்கள் பட்டறையில் ஆள் இல்லை என்று, மிகுந்த பணிவோடு, மலாயில் சொன்னார். நிர்வாகி யோசித்துவிட்டு, இந்தக் குழாய் விஷயத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். காதர் அண்ணன் முகத்தோடு அத்தர் வாசம்கூட வெளிறிப்போனது. “வழக்கமான சோதனை,” என்றேன் நான். பெட்ரோலைப் பற்றி இன்றுவரை வெளியே பேசியதில்லை. உங்களிடம்தான் முதல் தடவை.

தாதிகள் எண்ணினார்கள். ஓட்டத்தில் எண்ணினார்கள், சாப்பாட்டை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு எண்ணினார்கள். பையின் மேல் நீளவாக்கில் ஒரு பிளாஸ்டர் பட்டையை ஒட்டி, மணிக்கு மணி பேனாவால் கோடு போட்டார்கள். கோட்டைப் பார்த்தால் போதும், நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கூட்டிப் பெருக்கும் கிழவிக்குக்கூடத் தெரிந்துவிடும். வாரம் முடிவதற்குள் தீவுக்கு அக்கரையான பெரிய நிலத்திலிருந்து ஃபெர்ரி ஏறிச் சரியான குழாய்ப் பெட்டிகள் வந்து இறங்கின. நான் ஒவ்வொரு கட்டிலாகப் போய் ஃபியூஸைத் திரும்பப் போட்டேன். ஜெகதா நன்றி சொல்லவில்லை. “பொய் சொல்லுதுன்னு சொன்னேன்ல?” என்றார். அவ்வளவுதான்.

எனக்கு வேலை போகவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து சக்கரம் சம்பந்தப்பட்டவை மட்டுமே என்னிடம் வந்தன. சக்கர நாற்காலி, தள்ளுகட்டில், சாப்பாட்டு வண்டி, குப்பை வண்டி. புன்னகைக்கும் மனிதர்கள் இப்படித்தான் தண்டிப்பார்கள். காதர் அண்ணன் எனக்கு ‘மெந்திரி ரோடா’ என்று பட்டம் கட்டினார், சக்கர அமைச்சர். நான் அசரவில்லை. அந்த ஆண்டு அந்த மருத்துவமனையில் ஒரு சக்கரம்கூடக் கிறீச்சிடவில்லை. வீம்புக்காகவே எண்ணெய் போட்டேன்.

பிறகு எல்லாம் மாறிப்போனது. பராமரிப்பை வெளிக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள், பட்டறையைப் பூட்டினார்கள். ஜெகதா சவூதிக்குப் போனார், அங்கிருந்து அயர்லாந்துக்கு. காதர் அண்ணன் சூலியா தெருவுக்கே திரும்பி, மறுபடி நோட்டு எண்ணினார். சில ஆண்டுகள் முன்பு இறந்துபோனார். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கிற வேலைக்குப் போனேன். கல்யாணம், பிள்ளை. மனிதர்களின் உடம்பில் மாட்டும் எந்தக் கருவியையும் அதன்பின் நான் தொடவில்லை, போன மாதம்வரை.

டிங்கியில் காய்ச்சல் அடிக்கும் நாளைவிடக் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்து என்பார்கள். ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். நீர் குறைந்தால் ரத்த அழுத்தம் விழும். கூடினால் நுரையீரலில் போய்த் தேங்கும். அளவுதான் மருந்து. மகனுக்குக் காய்ச்சல் இறங்கிய அன்று நான் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார முடியாமல், கைப்பையிலிருந்த பிளாஸ்டரைக் கிழித்துத் தொங்கிய பையில் ஒட்டி, டாக்டர் சொன்ன அளவுக்குக் கோடு போட்டிருந்தேன். தாதி ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். சின்னப் பெண், ஷாமினி என்று பெயர் மார்பில். அவர் மார்பில் கடிகாரம் இல்லை.

நீர் என் கோட்டைத் தாண்டி இறங்கிக்கொண்டே இருந்தது.

ஷாமினியைக் கூப்பிட்டேன். அவர் பம்ப்பின் திரையைப் பார்த்தார். டாக்டர் சொன்ன அதே எண். பக்கத்தில் பச்சை ஒட்டுத்தாள், அதற்கு முந்தின மாதம்தான் சோதித்தது. எல்லாம் ஓகே ஆன்ட்டி என்றார். பம்ப் கதவின் கண்ணாடி வழியே குழாயைப் பார்த்தேன். அதில் அச்சிட்டிருந்த பெயரும் பெட்டியின் பெயரும் வேறு வேறு. இது இந்தப் பம்ப்பின் குழாய்தானா என்று கேட்டேன். ஸ்டோரில் இதுதான் கொடுத்தார்கள், எல்லாம் ஒன்றுதான் என்றார். அதற்குள் மூன்று அறைகளில் மணி அடித்தது. டாக்டர் வரும்போது சொல்கிறேன் என்று ஓடிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. ஜெகதா பார்த்ததைப்போல இரண்டு மடங்கு கட்டில்களை அந்தப் பெண் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் கண்ணைத் திறக்காமலே, “மா, மூச்சு விட கனமா இருக்கு,” என்றான்.

நான் எழுந்து சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கினேன். பழைய கை, பழைய புத்தி. பம்ப் ஒரு முறை கூவியது. திரையில் பச்சை நிறத்தில் சின்னப் பேட்டரிப் படம் வந்தது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. இன்றைய பெட்டிகளுக்கு ஃபியூஸ் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மீதி இருந்தது என் கட்டைவிரல்தான். குழாயில் சிறு உருளை ஒன்று இருக்கும். அதை விரலால் உருட்டினால் குழாய் நசுங்கி நீர் நிற்கும். உருட்டிவிட்டேன். விரலை அங்கேயே வைத்துக்கொண்டேன். பம்ப் அலறியது. வார்டே திரும்பிப் பார்த்தது. ஷாமினி ஓடி வந்தார்.

“ஆன்ட்டி, கைய எடுங்க. டச் பண்ணக்கூடாது.”

“பம்ப்ப மாத்து. கொழாயையும் மாத்து. அப்புறம் எடுக்கிறேன்.”

“நீங்க டாக்டரா?”

“இல்லம்மா. டாக்டர கூப்பிடு. அவர் வர்றவரைக்கும் இந்த விரல் இங்கதான் இருக்கும்.”

“மா,” என்றான் மகன், “மாலு-லா.” வெட்கமாக இருக்கிறதாம். மூச்சு முட்டுகிற நேரத்திலும் பிள்ளைகளுக்கு அம்மாவால் வெட்கம்.

டாக்டர் வந்தார், இளைஞர். என்னிடம் ஒன்றும் கேட்காமல் மகனை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். நீரை நிறுத்தச் சொன்னார். சிறுநீர் பிரிய ஊசி, எக்ஸ்ரே, வேறு பம்ப். நீர் கொஞ்சம் அதிகமாக ஏறியிருக்கிறது என்றார். பம்ப் ஒழுங்காக ஓடினாலும் டிங்கியில் இப்படி ஆகும் என்றும் சொன்னார். மறுநாள் காலை மகன் சாதாரணமாக மூச்சுவிட்டுக்கொண்டு, மருத்துவமனைக் கஞ்சி நன்றாக இல்லை என்று குறை சொன்னான். அந்தக் குறையை நான் சங்கீதம்போலக் கேட்டேன்.

அந்தப் பழைய பம்ப்பை யாரோ தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதைத் திறந்து பார்த்தார்களா, குழாயில் தப்பா என்று கேட்க முகப்பு மேசைக்குப் போனேன். கம்பெனி எடுத்துக்கொண்டு போய்விட்டது, கோலாலம்பூரில் பார்ப்பார்கள், முடிவை வெளியாருக்குச் சொல்வதில்லை என்றார்கள். கணவர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். “பம்ப்பு நல்ல பம்ப்பா இருந்திருந்தா? அந்தப் புள்ள மேல என்ன தப்பு?” என்று கேட்டார்.

இருந்திருக்கலாம். டாக்டர் சொன்னதே சரியாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விடவும் மாட்டார்கள். இன்னும் தூக்கத்தில் அந்த அலறல் கேட்டு எழுந்து போய் மகன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். ஆனால் எங்கள் பட்டறையில், பழுது என்று நிரூபித்தவர் பையில் ஃபியூஸ் இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. சந்தேகப்பட்டவர் பையில் என்றுதான் சொன்னோம். சந்தேகம் தீரும்வரை நோயாளியிடம் கருவி போகாது. கருவி நல்லதாகவே இருந்துவிட்டால் சந்தோஷமாக ஃபியூஸைத் திரும்பப் போடுவோம். அதற்காக யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, கேக்கும் வாங்கியதில்லை.

ஷாமினிக்குத் தேவை என் கேக்கு அல்ல. பக்கத்தில் இன்னொரு தாதி. அதைக் கேட்டு எழுதிக் கொடு என்றால் இன்றே எழுதிக் கொடுக்கிறேன். அயர்லாந்துக்குக் குரல் செய்தி அனுப்பி ஜெகதாவிடம் நடந்ததைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் அனுப்பிய பதில் ஒரே வரி: “இன்னும் அதே பொய்யா?”

போன வாரம் மகனை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போனோம். ரத்தம் நன்றாக இருக்கிறது. திரும்பும்போது, கார் நிறுத்தக் கட்டணம் கட்டத் தரைத்தளத்துக்குக் கீழே இறங்கினோம். சலவைக்கூடம் இல்லை, துணி வெளியே போய் வெளுத்து வருகிறதாம். கஞ்சி வாடை இல்லை, ஈயப் புகை இல்லை. எங்கள் கதவு இருந்த இடத்தை நான் தூணை வைத்து அடையாளம் கண்டேன். முன்பு அங்கே தட்டினால், “என்னா-லா?” என்று கேட்டுக்கொண்டு, கையில் திருப்புளியோடு ஒரு மனிதர் வருவார். இடுப்பில் பம்ப்பை இடுக்கிக்கொண்டு வந்து, உங்கள் மிஷின் பொய் சொல்கிறது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லலாம். இப்போது அங்கே கட்டணம் வாங்கும் இயந்திரம் நிற்கிறது. கார் நிறுத்தும்போது கொடுத்த அட்டையை நுழைத்தேன். திரையில் ஓர் எண் வந்தது. நாங்கள் இருந்த நேரத்துக்கு அது எனக்கு அதிகமாகப் பட்டது.

நான் குனிந்து அதன் பின்பக்கம் ப்ளக் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். பின்னால் நீண்ட வரிசை. மகன் இந்த முறை வெட்கமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. என் பக்கத்திலேயே அவனும் குனிந்து பார்த்துவிட்டு, “வேஸ்ட்டு மா,” என்றான். “இதுக்கும் உள்ள பேட்டரி இருக்கும்-லா.”